யார் வீட்டுக்குப் போவது

பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தாலே வெற்றிச்செல்விக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் நாற்காலி, ஆறிப்போன வடை, காலையிலிருந்து மாலை வரைக்கும் சுவரில் ஓடுகிற படங்கள், கடைசியில் எல்லாரும் வரிசையாக நின்று எடுத்துக்கொள்ளும் போட்டோ. இவை இல்லாத பயிற்சியை அவள் தன் சர்வீசில் பார்த்ததில்லை. இந்தத் தடவை வைத்திருந்த பெயரைப் படித்தபோதே பாதி அலுத்துவிட்டது. 'இடர் அடிப்படையிலான வழக்குத் திட்டமிடல்' என்று போட்டிருந்தார்கள். சட்டத்தோடு மோதிக்கொண்ட பிள்ளைகளைக் கவனிக்கிற ஊழியர்களுக்காம். பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில், செவ்வாயும் புதனும்.

வெற்றிச்செல்வி நன்னடத்தை அலுவலர். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை எதிலாவது போலீசில் மாட்டிக்கொண்டால், அவன் வீட்டுக்குப் போய், குடும்பத்தைப் பார்த்து, இவன் ஏன் இப்படிப் போனான், இனி என்ன செய்யலாம் என்று இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அறிக்கை எழுதுவது அவள் வேலை. குழுமத்தை எல்லாரும் போர்டு என்றுதான் சொல்வார்கள். போர்டு உத்தரவு போட்ட பிறகு அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து போய்ப் பார்ப்பதும் அவள்தான். அவளுக்குரியது பெரம்பலூர். அரியலூரில் இருந்தவர் மாறுதலில் போனதால், அடுத்த ஆள் வரும்வரை அதையும் நீயே பார் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு பெண்டாட்டிக்காரன் பாடு எப்படி இருக்கும் என்று கேட்டால் அவள் நன்றாகச் சொல்வாள்.

ஆனாலும் வேலையில் அவளைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. வெயில் மழை பார்க்காமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போகிறவள். பிள்ளைகளுக்குத் தீபாவளிக்குச் சட்டை எடுத்துக் கொடுக்கிறவள். 'எங்க மேடம்' என்று பல அம்மாக்கள் அவளை உரிமையோடு சொல்வார்கள். அதைக் கேட்பதில் அவளுக்கு ஒரு பெருமையும் உண்டு, அதை அவள் மறைத்ததும் இல்லை.

அன்றைக்கு அவள் கைப்பையில் டைப் அடித்த அறிக்கை ஒன்று இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அரியலூர் தமிழ்மாறனுடையது. பதினாறு வயது. சிமெண்ட் ஆலைக்கு வெளியே லோடுக்காக வரிசையில் நிற்கும் லாரிகளில் டீசல் உறிஞ்சி விற்கிற கூட்டத்தில் அவனும் ஒருவன். மூன்றாவது தடவை பிடிபட்டபோது, தடுக்க வந்த கிளீனர் பையனைத் தள்ளிவிட்டதில் அந்தப் பையனுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. வியாழக்கிழமை போர்டில் கடைசி விசாரணை. அம்மாவோடு வீட்டிலேயே இருக்கட்டும் என்று விடுவதா, வெளியூரில் இருக்கும் சிறப்பு இல்லத்துக்கு அனுப்புவதா என்று அன்று முடிவாகிவிடும். அனுப்பிவிடலாம் என்றுதான் வெற்றிச்செல்வி எழுதியிருந்தாள். கோபத்தில் எழுதவில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, கூட்டாளிகள் சரியில்லை, இங்கேயே இருந்தால் ஏதாவது லாரிச் சக்கரத்தில் மாட்டிச் செத்துப்போவான் என்று உண்மையாகவே அவள் நம்பினாள்.

பயிற்சி கொடுக்க வந்தவள் பெயர் அபிநயா. ஜெயங்கொண்டத்துப் பெண், திருச்சியில் சமூகப்பணி படித்தவள். முப்பது வயது இருக்கும். படம் எதுவும் ஓட்டவில்லை, அதுவே வெற்றிச்செல்விக்குப் பாதி வலியைக் குறைத்தது. ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்து, உங்கள் கையில் இருக்கிற இரண்டு பிள்ளைகளை நினைத்துக்கொண்டு மார்க் போடுங்கள் என்றாள். முன்னாடி கேஸ் இருக்கிறதா, பள்ளிக்கூடம் போகிறானா, கூட்டாளிகள் யார், போதைப் பழக்கம் உண்டா, வீட்டில் கண்டிக்க ஆள் இருக்கிறதா என்று கேள்விகள். மறுபடி தப்புப் பண்ண எவ்வளவு வாய்ப்பு இருக்கிறதோ அதற்குத் தக்கபடி மார்க்.

பக்கத்து நாற்காலியில் குழந்தைவேல் உட்கார்ந்திருந்தார். ஊர் ஊராகப் போய்க் குடும்பங்களைப் பார்த்து வரும் களப்பணியாளர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்.

"ரேங்க் கார்டுல மார்க்கு கூடுனா சந்தோசப்படுவாங்க. இங்க கூடுனா வெனையா?" என்றார்.

வெற்றிச்செல்வி சிறுவாச்சூர் கலைச்செல்வனுக்கு ஒரு தாளும் தமிழ்மாறனுக்கு ஒரு தாளும் போட்டாள். கலைச்செல்வன் போன வருடம் கோயில் கூட்டத்தில் நின்ற யாருடைய பைக்கையோ கூட்டாளியோடு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து மாட்டிக்கொண்டவன். அதற்கு முன்னும் பின்னும் எதுவும் இல்லை. அவனுக்கு மார்க் அடியில் கிடந்தது. தமிழ்மாறனுக்குத் தாளே கொள்ளவில்லை.

அவளுக்கு ஒரு நிம்மதி. கையைத் தூக்கிச் சொன்னாள், "நான் அறிக்கையில எழுதுனதுதாங்க இதுலயும் வந்துருக்கு. இந்தப் பையன இல்லத்துக்கு அனுப்பிட வேண்டியதுதான்."

"எங்க அனுப்பணும்னு இந்தத் தாள் சொல்லாதுங்க மேடம்," என்றாள் அபிநயா. "யார் வூட்டுக்கு நாம அதிகமாப் போவணும்னுதான் சொல்லும்."

பிறகு ஒரு துணிப்பையை எடுத்து ஆளுக்கு ஒரு பிடி புளியங்கொட்டை கொடுத்தாள். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு மாவட்டத்தையும் கோடாகப் போட்டாள். பல்லாங்குழி ஆடப்போகிறோமா என்று குழந்தைவேல் கேட்டார். போன மூன்று மாதத்தில் ஒவ்வொரு பிள்ளை வீட்டுக்கும் எத்தனை தடவை போனீர்களோ அத்தனை கொட்டையை அந்தந்த ஊரில் வையுங்கள் என்றாள் அபிநயா. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து எல்லாரும் வைத்தார்கள். அப்புறம் எழுந்து நின்று பார்த்தார்கள்.

சிறுவாச்சூரில் வெற்றிச்செல்வி வைத்தது ஒரு சின்னக் குவியல். அரியலூரில் ஒரே ஒரு கொட்டை. அதையும் வைக்கலாமா கூடாதா என்று அவள் யோசித்துத்தான் வைத்திருந்தாள், ஏனென்றால் அன்றைக்கு அவள் போனபோது தமிழ்மாறன் வீடு பூட்டியிருந்தது. வாசலில் நின்று பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு அம்மாவையும் மகனையும் போர்டில் வைத்துப் பார்த்ததும், மாதக் கூட்டத்தில் கும்பலோடு அவனைப் பார்த்ததும்தான்.

மற்றவர்கள் வைத்ததும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. மார்க் குறைந்த பிள்ளைகள் இருக்கும் ஊரில் குவியல், மார்க் ஏறிய பிள்ளைகள் ஊரில் ஒன்றோ இரண்டோ. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அழுத புள்ளைக்கித்தான் பாலும்பாங்க," என்றார் குழந்தைவேல். "நாம சிரிச்ச புள்ளைக்கில்ல ஊத்திக்கிட்டு இருந்துருக்கோம்."

எல்லாரும் சிரித்தார்கள். வெற்றிச்செல்வி சிரிக்கவில்லை. "அப்ப நல்லா இருக்குற புள்ளைய அம்போன்னு உட்டுடச் சொல்றீங்களா?" என்று கேட்டாள்.

"அம்போன்னு இல்லீங்க. அவனுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு, அம்மா இருக்கு, கூட வெளையாடுற பசங்க இருக்காங்க. அவனப் பாத்துக்க அதுவே போதும். நடுவுல நாம போயிப் போயி நின்னா அதெல்லாம் அவனவிட்டு வெலகிரும். நல்ல புள்ளைய நாமளே கெடுத்துருவோம்."

கெடுத்துருவோம் என்ற சொல் வெற்றிச்செல்விக்குச் சுருக்கென்று தைத்தது. இருபது வருடமாக ஊர் ஊராக அலைகிறவளைப் பார்த்து, நேற்றுப் படித்து வந்த பெண் சொல்கிற பேச்சா இது? மத்தியானச் சாப்பாட்டில் அவளுக்குச் சாம்பார் இறங்கவில்லை. எதிரில் உட்கார்ந்த குழந்தைவேல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். சிறுவாச்சூர் போனா காபி, அரியலூர் போனா பூட்டு. நானா இருந்தாலும் காபிக்குத்தான் போவேன். வாங்கன்னு கூப்புடுற வூட்டுக்குத்தானே மனுசன் காலு போவும்."

அவர் சமாதானத்துக்குத்தான் சொன்னார். அது இன்னும் கொஞ்சம் எரிந்தது.

சாயங்காலம் மண்டபத்தை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் ஸ்கூட்டரைத் திருச்சி ரோட்டில் விட்டாள். தான் போய் வந்ததால் ஒரு பிள்ளை எப்படி நன்றாக இருக்கிறான் என்று தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கலைச்செல்வனின் அம்மா ராசாத்தி, சிறுவாச்சூர்க் கோயில் வாசலில் அர்ச்சனைத் தட்டுக் கடை போட்டிருந்தாள். கோயில் நடை திறப்பது திங்களும் வெள்ளியும்தான். செவ்வாய்க்கிழமை நிச்சயம் வீட்டில் இருப்பாள்.

இருந்தாள். "வாங்க மேடம், வாங்க வாங்க" என்று ஓடிவந்து, நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். காபிக்குப் பால் வைத்துவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. ரெண்டு வாரமா தம்பி பள்ளிக்கூடம் போவலீங்க. வயித்து வலிங்குறான். ஆசுபத்திரியில ஒண்ணும் இல்லைங்குறாங்க. நீங்க நாலு வார்த்த நல்லபடியா சொன்னீங்கன்னா கேப்பான்."

வெற்றிச்செல்விக்கு முதலில் தோன்றியது, இன்னும் அடிக்கடி வந்திருக்க வேண்டும் என்பதுதான். பழக்கதோஷம் லேசில் விடுமா?

கலைச்செல்வன் பின்பக்கம் துணி துவைக்கும் கல்மேல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் நின்று, என்னப்பா வலி என்று கேட்டாள். வலி இல்லை என்றான். பின்னே என்ன என்றாள். அவன் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டான். அம்மா அடுப்படியில் இருந்தாள்.

"சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"உங்க வண்டிதான் மேடம்." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "முன்னாடி 'அரசு'ன்னு ஒட்டியிருக்குல்ல. அது தெருவுல நொழஞ்சாலே யாரு வூட்டுக்குப் போவுதுன்னு எல்லாரும் வந்து நின்னு பாக்குறாங்க. கேசு முடிஞ்சிட்டுன்னு நெனச்சவங்கல்லாம் இன்னும் முடியலைன்னு பேசுறாங்க. கூடப் படிக்கிற பிரவீனோட அம்மா அவன என்கூடச் சேரக்கூடாதுன்னுட்டாங்க. கிளாசுல மேடம் வந்தாச்சான்னு கேக்குறானுங்க."

வெற்றிச்செல்வி கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம் அந்த அரியலூர் மீட்டிங்கு," என்றான் அவன்.

மாதத்துக்கு ஒரு தடவை எல்லாப் பிள்ளைகளையும் அரியலூரில் ஓரிடத்தில் கூட்டி அறிவுரை சொல்வது அவளே தொடங்கிவைத்த ஏற்பாடு. கலைச்செல்வனைத் தன் வண்டியிலேயே உட்கார வைத்துக் கூட்டிப்போய், இவனைப் பாருங்கள், எப்படித் திருந்திவிட்டான் என்று எல்லார் முன்னாலும் நிறுத்திப் பேசவும் வைத்திருந்தாள். அன்றைக்கு அவள் எவ்வளவு பூரித்துப்போனாள் என்பது அவளுக்கு இப்போதும் ஞாபகம் இருந்தது.

"அங்கதான் அந்த டீசல் பசங்க என் நம்பர வாங்குனானுங்க. வாடா, ஒரு கேனுக்கு இவ்ளோன்னு தெனம் போன் பண்றானுங்க. வரலைன்னா, நீ என்ன பெரிய இவனா, நீயும் நம்மாளுதானடாங்குறானுங்க. பள்ளிக்கூட வாசலுக்கே ஒருநா வந்துட்டானுங்க. அதான் போவல. அந்தத் தமிழ்மாறன் இருக்காருல்ல, அவரு அந்த மீட்டிங்குலயே தனியா இழுத்துட்டுப் போயி, என் போனப் புடுங்கி எல்லா நம்பரையும் அழிச்சிட்டு, இனிமே இந்தக் கூட்டத்துல ஒன்னப் பாத்தேன், கால ஒடச்சிருவேன்னு மெரட்டுனாரு மேடம். எனக்கு ராத்திரியில தூக்கமே வரல."

அவன் தமிழ்மாறன்மேல் புகார் சொல்வதாகத்தான் நினைத்துச் சொன்னான். வெற்றிச்செல்விக்கு அது அப்படிக் கேட்கவில்லை. படிக்கிற பையனை அந்தக் கூட்டத்திலிருந்து பிரித்து வெளியே தள்ள வேண்டும் என்று அந்த அறையில் ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறது. தோன்ற வேண்டியவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவனைத்தான் வியாழக்கிழமை அனுப்பிவிடச் சொல்லி எழுதி வைத்திருந்தாள். கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது.

காபி வந்தது. குடித்துவிட்டு ராசாத்தியிடம் சொன்னாள், பையனுக்குப் புது நம்பர் வாங்கிக் கொடுங்கள், நாளைக்கே பள்ளிக்கூடம் அனுப்புங்கள், வாசலில் வந்து நின்ற பசங்களை நான் பார்த்துக்கொள்கிறேன். இனிமேல் நான் வீட்டுக்கு வரமாட்டேன், ஏதாவது என்றால் நீங்களே போன் பண்ணுங்கள்.

ராசாத்தியின் முகம் சுண்டிப்போனது. "எதுவும் கொற வச்சிட்டோமா மேடம்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, கொற எங்கிட்டதான்," என்றாள் வெற்றிச்செல்வி. அந்த அம்மாளுக்கு அது புரியவில்லை. வாசல்வரை வந்து, வருத்தத்தோடு நின்று வழியனுப்பினாள்.

மறுநாள் பயிற்சி தொடங்குவதற்குள் திரும்பிவிடலாம் என்று விடிகாலைப் பஸ்ஸில் அரியலூர் போனாள். வண்டியை வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. தமிழ்மாறன் வீடு சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோட்டை ஒட்டி உள்ளே இறங்கும் தெருவில் இருந்தது. மரத்து இலையெல்லாம் வெள்ளைப் பூச்சு. அவன் அம்மா பொன்னாயி லாரிக்காரர்கள் சாப்பிடும் ஒரு மெஸ்ஸில் சமையலுக்கு நிற்கிறவள். புருஷன் இல்லை. அவள் வேலைக்குப் புறப்படுவதற்கு முன்னால் பிடித்துவிட வேண்டும் என்று வெற்றிச்செல்வி வேகமாக நடந்தாள்.

தெரு முனை திரும்பும்போதே பொன்னாயி வாசலில் நிற்பது தெரிந்தது. கதவை இழுத்துச் சாத்திப் பூட்டைப் போட்டு, அதை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். வெற்றிச்செல்வியைப் பார்த்ததும் வாங்க என்று சொல்லவில்லை.

"போர்டு நாளைக்கில்லங்க? அதுக்குள்ள என்ன?" என்றாள்.

"தம்பியப் பாக்கலாம்னு வந்தேன். எங்க போயிருக்கான்?"

"எங்கயும் போவல. உள்ளதான் இருக்கான்."

வெற்றிச்செல்வி பூட்டைப் பார்த்தாள். "உள்ள வச்சா பூட்டுறீங்க?"

"வேற என்னா பண்ணச் சொல்றீங்க?" பொன்னாயிக்குக் குரல் ஏறியது. "மத்தியான வெயிலுக்கு லாரிக்காரவங்க மரத்தடியில படுத்துருவாங்க. அதப் பாத்துக்கிட்டு அந்தக் கழுதைங்க இங்க வந்து விசில் அடிக்கும். அந்த நேரத்துல நான் மெஸ்ஸுல சோறு வடிச்சிக்கிட்டு இருப்பேன். நான் கூட இருந்து காக்கவா, வயித்தப் பாக்கவா? கடைசியாப் புடிச்சிட்டுப் போயி ஜாமீன்ல வந்தான் பாருங்க, மறுநா அவனே சொன்னான். அம்மா நீ பூட்டிட்டுப் போயிரு, இல்லன்னா நான் போயிருவேன்னு. அன்னையிலேர்ந்து பூட்டுறேன். சோத்த வச்சிட்டு, தண்ணிய வச்சிட்டு, பெத்த புள்ளைய மாட்டக் கட்டுற மாதிரி கட்டிப் போட்டுட்டுப் போறேன்."

வீடு பூட்டியிருந்தது, பெற்றோர் கண்காணிப்பு அறவே இல்லை என்று அறிக்கையில் வெற்றிச்செல்வி எழுதியிருந்தாளே, அந்தப் பூட்டுதான் கண்காணிப்பு. ஏழை வீட்டில் பொன்னாயியால் போட முடிந்த ஒரே காவல் அது. ஜாமீனுக்குப் பிறகு இன்றுவரை அவன்மேல் புதுப் புகார் ஒன்றும் இல்லை என்பதை அவளும் பார்த்திருந்தாள். போலீஸ் பயம் என்று நினைத்துக்கொண்டு அதைக் கடந்துபோயிருந்தாள்.

அப்படியானால் அன்றைக்கு அவள் இந்த வாசலில் வந்து நின்றபோதும் அவன் உள்ளே இருந்திருக்கிறான். தான் வந்து போனது அவனுக்குத் தெரியுமா என்று கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை.

பொன்னாயி முணுமுணுத்துக்கொண்டே பூட்டைத் திறந்தாள். உள்ளே தமிழ்மாறன் சுவரில் சாய்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமா என்றுகூட யாரும் கேட்கவில்லை. வெற்றிச்செல்வி அவன் எதிரே தரையில் உட்கார்ந்து, அதுவரை அவனிடம் கேட்டே இராத ஒன்றைக் கேட்டாள். உனக்கு எது கிடைத்தால் நீ அங்கே போகமாட்டாய்? மத்தியானத்துல ஒரு வேல, என்றான் அவன். வேறு எதற்கும் ஆம், இல்லை என்பதோடு சரி.

பயிற்சிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது டீ இடைவேளை. அபிநயாவைத் தனியாக உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டிலேயே இருக்கட்டும் என்று எழுத அவளுக்கு ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இல்லத்துக்கு அனுப்பிவிட்டால் நாளைக்கு என்ன நடந்தாலும் இவளை யாரும் கேட்கமாட்டார்கள். வீட்டில் வைத்து, அவன் மறுபடி டீசல் கேனோடு பிடிபட்டால், அல்லது யாருக்காவது இன்னொரு கை முறிந்தால், எல்லா விரலும் இவளைத்தான் காட்டும்.

"ஆமாங்க, காட்டும்," என்றாள் அபிநயா. "அந்தப் பயம் இல்லாத திட்டம் எதையும் நான் பாத்ததில்ல மேடம். அவன் எந்த நேரத்துல வழுக்குறானோ அந்த நேரத்துக்கு மட்டும் முதல்ல யோசிங்க. மிச்ச நேரத்த அவனே பாத்துக்குவான்."

இரண்டு பேருமாகப் புது அறிக்கை எழுதினார்கள். அரியலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தங்கசாமி, குழந்தைவேலுக்கு ஒன்றுவிட்ட மச்சான். அவரிடம் குழந்தைவேலே போனில் பேசினார். வேலை கற்றுக்கொள்ளப் பையனை அனுப்பட்டும், திங்கட்கிழமையிலிருந்து வரட்டும் என்றார் அவர். மாதாந்திரக் கூட்டத்தை நிறுத்திவிடுவது என்று வெற்றிச்செல்வி முடிவு செய்தாள். பழைய அறிக்கையைக் கிழிக்கவில்லை. போர்டு கேட்டால் இரண்டையும் காட்ட வேண்டும் என்று பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை போர்டில் நடுவரும் இரண்டு உறுப்பினர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பொன்னாயி சுவரோரம் நின்றாள். தமிழ்மாறன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அறிக்கையைப் படித்த உறுப்பினர் ஜெயலட்சுமி கண்ணாடியைக் கழற்றினார். பேச்சு பட்டுக்கத்தரித்தாற்போல இருக்கும் அந்த அம்மாளுக்கு.

"ஆபத்து அதிகம்னு நீங்களே மார்க்கு போட்டுருக்கீங்க. வீட்டுல இருக்கட்டும்னும் நீங்களே சொல்றீங்க. போன விசாரணையில என்ன சொன்னீங்க? பாத்துக்க ஆள் இல்ல, வீடே பூட்டிக் கெடக்குன்னு சொல்லலியா?"

"சொன்னேங்க. அது தப்பு," என்றாள் வெற்றிச்செல்வி. அறை முழுக்கத் தன்னையே பார்ப்பதுபோல இருந்தது. "பூட்டுன வீட்டப் பாத்துட்டு ஆள் இல்லைன்னு திரும்பி வந்துட்டேன். உள்ள இந்தப் பையன் இருந்துருக்கான். தப்பு பண்ணக் கூடாதுன்னு தன்னையே உள்ள வச்சுப் பூட்டச் சொல்லி உக்காந்திருந்தவன, ஆள் இல்லாத வீட்டுப் பையன்னு நான் எழுதிட்டேன்."

நடுவர் அறிக்கையைத் திரும்ப ஒரு தடவை புரட்டினார்.

"பையன உள்ள வச்சுப் பூட்டுறது இனிமே கூடாது," என்றார். "சரி, ரெண்டு மாவட்டம் உங்க பொறுப்புல இருக்கு. வாரத்துல இத்தன நாள் இவன் வீட்டுக்குப் போறேன்னு எழுதியிருக்கீங்க. எப்படி முடியும்?"

"போவத் தேவையில்லாத வீட்டுக்கெல்லாம் போயிக்கிட்டு இருந்தேங்க. அத நிறுத்திட்டேன்."

"எதாவது நடந்தா போர்டு உங்களத்தான் கேக்கும்."

"கேளுங்க சார்."

ஆறு மாதம் அம்மாவோடு வீட்டில், நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் இருக்கட்டும் என்று உத்தரவானது. மணிக்கட்டு முறிந்த கிளீனர் பையனைத் தமிழ்மாறன் நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும், வெற்றிச்செல்வி கூடப் போக வேண்டும் என்றும் அதில் இருந்தது.

வெளியே வந்ததும் பொன்னாயி அழுவாள் என்று வெற்றிச்செல்வி எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஒர்க்‌ஷாப்பு திங்கக்கெழமதானே? நாளைக்கி நான் வேலைக்கிப் போவணும். பூட்டக்கூடாதுங்குறாங்க. நான் என்னா பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க," என்றாள்.

எந்தப் பயிற்சியிலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. வெற்றிச்செல்வி யோசித்துவிட்டு, "பூட்டாதீங்க. அவனே உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கட்டும். அந்தப் பசங்க வர்ற நேரத்துக்கு முன்னாடி நான் வந்துடுறேன். நாளைக்கும் வர்றேன், நாளன்னைக்கும் வர்றேன்," என்றாள்.

பொன்னாயி மகனைத் திரும்பிப் பார்த்தாள். "போட்டுக்குவியாடா?"

தமிழ்மாறன் தலையைத் தூக்கினான். மூன்று மாதத்தில் முதல்தடவையாக வெற்றிச்செல்வியின் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"விசில் அடிச்சா எனக்கு இருப்புக் கொள்ளாது மேடம். வர்றேன்னா வந்துருங்க," என்றான். பிறகு கொஞ்சம் தயங்கினான். "வந்தா கதவத் தட்டுங்க. அன்னைக்கி வந்தீங்கல்ல, உங்க செருப்புச் சத்தம் கேட்டுச்சு. யாரோ நம்மளத் தேடி வந்துருக்காங்கன்னு எழுந்து வந்து கதவுகிட்டயே நின்னேன். நீங்க தட்டவே இல்ல."

அவன் குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் அவனும் இந்தப் பக்கம் இவளுமாக நின்றிருக்கிறார்கள். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று இவள்தான் திரும்பி நடந்திருக்கிறாள்.

"தட்டுறேன்ப்பா," என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டு, அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு படியிறங்கினான்.